கடலோரப் பிள்ளைகளுக்கு ஒரு காகிதக் கைவேலைப் பட்டறை: நாள் பார்ப்பதிலிருந்து குண்டூசி எண்ணுவது வரை

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊர்ப் பக்கத்து மீனவக் குடியிருப்பு ஒன்றில் முதன்முதலாகக் காகிதப் பட்டறை நடத்தியபோது ஏழு பொருள்கள் செய்வதாகத் திட்டம் வைத்திருந்தேன். முப்பத்தைந்து பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பதினொரு மணி வாக்கில் கடல்காற்று ஏறியது. முந்தின நாள் இரவெல்லாம் உட்கார்ந்து வெட்டி வைத்த கலர் பேப்பர் கூடம் முழுக்கப் பறந்தது. நேரம் போகிறதே என்ற பதற்றத்தில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலிருந்தும் தாளை வாங்கி, நானே மடித்து, நானே ஒட்டிக் கொடுத்தேன். எல்லாரும் கிளம்பிய பிறகு பாயில் ஒரு காகித மீன் கிடந்தது. வாசலில் நின்ற இரண்டாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டு, "உன் மீனை விட்டுட்டுப் போறியேம்மா" என்றேன். "அது நீங்க செஞ்ச மீனுக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: பிள்ளையின் தாளில் பெரியவர் கை படக்கூடாது. எத்தனை பிள்ளைகளைச் சேர்ப்பது, என்ன செய்யச் சொல்வது, எவ்வளவு தாள் வாங்குவது, உதவிக்கு யாரைக் கூப்பிடுவது என்று எதை முடிவு செய்தாலும் இந்த விதிக்கு ஒத்து வருகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். தேவிபட்டினத்திலிருந்து வாலிநோக்கம் வரை எந்தக் கரையோர ஊரில் நீங்கள் நடத்தினாலும் இது உதவும்.

நாளும் நேரமும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பள்ளி விடுமுறையும் அதற்குள் வந்துவிடும். அப்பாக்கள் வீட்டில் இருப்பதால் கூடத்தைத் திறந்துவிடவும், பாய் விரிக்கவும், கூட உட்காரவும் ஆள் கிடைக்கும். ஆனால் அதே மாதங்களில்தான் பல வீடுகளில் கைக்காசு குறைவு. கட்டணம் வைக்காதீர்கள், எதையும் வாங்கி வரவும் சொல்லாதீர்கள். பழைய செய்தித்தாள், பழைய கல்யாணப் பத்திரிகை, தேதி கிழித்த காலண்டர் அட்டை, இவற்றை மட்டும் கேளுங்கள். எந்த வீட்டிலும் இருக்கும். கொண்டுவந்த பிள்ளைக்கும் தான் எதையோ கொடுத்தோம் என்ற மகிழ்ச்சி.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் என்றால் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஞாயிறு காலை பூசை இருக்கும். எனக்கு எல்லா ஊருக்கும் சரிப்பட்டு வந்தது சனிக்கிழமை காலைதான். ஊரில் திருவிழாவோ கந்தூரியோ முளைப்பாரியோ இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கொட்டுச் சத்தம் கேட்டால் ஒரு பிள்ளையும் தாளோடு உட்காராது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். மாவட்டத்துக்கு மழை அப்போதுதான். ஈரம் குடித்த தாளில் மடிப்பு நிற்காது, விரலால் எவ்வளவு தேய்த்தாலும் மெதுமெதுவென்று மறுபடி எழுந்துவிடும். பசையும் காயாது.

காலை ஒன்பதுக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு முடியுங்கள். வெயில் ஏற ஏற நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும். அந்தச் சூட்டில் மேலே போகும் காற்றின் இடத்தை நிரப்பக் கடல் பக்கமிருந்து காற்று வரும். அது வேகம் பிடிக்கும் முன் தாளோடு செய்யும் நுணுக்கமான வேலைகள் முடிந்திருக்க வேண்டும். அந்தக் காற்றுக்கென்றே ஒரு வேலையையும் கடைசியில் வைத்திருக்கிறேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

இடம்

வலை பின்னும் கூடம் பல ஊர்களில் இருக்கிறது. கூரை நிழல் நன்றாக இருக்கும், ஆனால் நாலு பக்கமும் திறந்தது. காற்று வரும் பக்கத்தில் தார்ப்பாயோ பழைய பாயோ கட்டிவிட்டால் போதும். காற்று எந்தப் பக்கம் என்பதை ஊர்க்காரரிடம் கேளுங்கள். மேற்கிலிருந்து வரும் கச்சான் அடிக்கிறதா, வடக்கிலிருந்து வரும் வாடையா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார்கள். புயல் பாதுகாப்பு மையம், பள்ளி வகுப்பறை, சமுதாயக் கூடம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஊர்த் தலைவர், ஜமாஅத், பங்குத் தந்தை என்று அந்த இடம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

மின்விசிறி பெரிய சிக்கல். போட்டால் தாள் பறக்கும், நிறுத்தினால் வியர்வை சொட்டித் தாள் நனையும். மெதுவாக ஓடவிட்டு, தாள் எல்லாவற்றையும் சுளகில் வைத்து மேலே கனம் வைக்கிறேன். என்ன கனம் வைப்பது என்பதில் கவனம் வேண்டும். வலையில் கட்டும் ஈயக் குண்டு வீட்டுக்கு வீடு கிடக்கும், கைக்கு அடக்கமாகவும் இருக்கும். அதை எடுக்கவே கூடாது. தொட்ட கையில் ஈயம் ஒட்டும், அந்தக் கை வாய்க்குப் போகும், வளரும் பிள்ளையின் மூளைக்கு ஈயம் விஷம். பவளப்பாறைத் துண்டும் வேண்டாம். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. நாமே அதை எடுத்து வைத்தால் நாளைக்குப் பிள்ளைகள் கரையில் தேடிப் பொறுக்கி வருவார்கள். பழைய துணியில் மணல் கட்டிய சிறு மூட்டைகள் போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு மூட்டை. இதைக் கட்டுவதையே பட்டறையின் முதல் வேலையாகக் கொடுத்துப் பார்த்தேன். முடிச்சுப் போடுவதில் அந்தப் பிள்ளைகளிடம் நான்தான் பாடம் கேட்டேன்.

எல்லாரும் பாயில் உட்காரட்டும். மடிக்கக் கெட்டியான அடித்தளம் வேண்டும், அதற்குத்தான் காலண்டர் அட்டை. மடியில் வைத்துக்கொண்டு மடித்தால் கோடு நேராக வராது.

எத்தனை பேர், யார் உதவிக்கு

ஏழு வயது முதல் பன்னிரண்டு வரை, 24 பிள்ளைகள். ஆறு பேருக்கு ஒரு உதவியாளர். இதற்கு மேல் கூட்டினால் உதவியாளர் அவசரப்படுவார், அவசரப்பட்டால் கை நீளும். முப்பது பேர் வந்து நின்றால் யாரையும் வெறுமனே திருப்பி அனுப்பாதீர்கள், மிஞ்சியவர்களின் பெயரை அடுத்த சனிக்கிழமைக்கு எழுதிக்கொள்ளுங்கள். எழுதியபடியே அடுத்த சனிக்கிழமை போயும் ஆக வேண்டும்.

பல வீடுகளில் அம்மா கடல்பாசி எடுக்கவோ மீன் விற்கவோ விடியுமுன் போயிருப்பார். எட்டு வயது அக்கா மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வருவாள். "சின்னப் பிள்ளைகளுக்கு இடமில்லை" என்றால் அந்த அக்காவும் திரும்பிப் போய்விடுவாள். ஆகவே ஓர் ஓரத்தில் வாண்டுகளுக்கென்று தனிப் பாய் விரித்து, செய்தித்தாள் குவித்து, ஒரு ஆச்சியையோ அத்தையையோ கூட உட்கார வையுங்கள். கிழிக்கட்டும், கசக்கட்டும், உருட்டி எறியட்டும். அந்த வயதுக்கு அதுவே நல்ல கைவேலை.

உதவிக்குப் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் அருமையானவர்கள். முந்தின நாள் மாலை அவர்களை வரவழைத்து, காகிதக் கப்பல், சுழல் மீன், பாலம், காற்றாடி என்ற நாலு பொருளையும் தலைக்கு மூன்று தடவை செய்யச் சொல்லுங்கள். ஒருமுறை செய்தவருக்கு வழி தெரியும், மூன்று முறை செய்தவருக்குத்தான் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கும் என்று தெரியும். அப்புறம் அந்த விதி. "கை வைக்காதே" என்று சொன்னால் மட்டும் யாராலும் முடியாது, கை தானாகப் போய்விடும். நான் கண்டுபிடித்த வழி இது: உதவியாளர் கையில் எப்போதும் அவருடைய சொந்தத் தாள் ஒன்று இருக்க வேண்டும். பிள்ளை திணறினால் தன் தாளில் மடித்துக் காட்டுவார், பிரிப்பார், மறுபடி காட்டுவார். "நீங்களே மடிச்சுக் குடுங்கக்கா" என்று நீட்டினால், "என் தாள்ல காட்டுறேன், பாரு" என்பார். கை நிறைய வேலை இருந்தால் அடுத்தவர் தாளுக்குப் போகாது.

காட்டும்போது பிள்ளைக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில், அது பார்க்கும் திசையைப் பார்த்து உட்கார வேண்டும். எதிரே உட்கார்ந்தால் இடது வலது மாறிப் பாதிப் பிள்ளைகள் குழம்புவார்கள். முன்னால் நின்று எல்லாருக்கும் காட்டும் நீங்கள், செய்தித்தாளின் முழு விரிப்பை எடுத்துக்கொண்டு பெரிதாக மடித்துக் காட்டுங்கள். ஏ4 தாள் நாலாவது வரிசைக்குத் தெரியாது.

தாள்

கடையில் வாங்க வேண்டியது ஏ4 தாள் மட்டும்தான். 75 ஜிஎஸ்எம் கனமுள்ள சாதாரண ஜெராக்ஸ் தாள் மடிக்க நல்லது. சார்ட் பேப்பர் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சின்ன விரலுக்குக் கனம். மூன்றாவது மடிப்பிலேயே வெடித்துவிடும்.

ஏ4 தாளின் அளவு 21 சென்டிமீட்டருக்கு 29.7. மேல் மூலையைக் குறுக்காக எதிர் ஓரத்தோடு சேர்த்து மடித்து, கீழே மிஞ்சும் பட்டையை வெட்டினால் 21 சென்டிமீட்டர் சதுரம் கிடைக்கும். அது காற்றாடிக்கு. மிஞ்சிய பட்டை 8.7 அகலம், 21 நீளம். அதை நீளவாக்கில் நாலாகப் பிரித்தால் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலத்தில் நாலு துண்டு. அவை சுழல் மீனுக்கு. ஒரே தாளில் ஒரு காற்றாடியும் நாலு மீனும், குப்பை எதுவுமில்லை. இதை நீங்கள் முன்கூட்டியே வெட்டி வைக்காதீர்கள். ஸ்கேல் இல்லாமல் நீளத் தாளிலிருந்து சதுரம் வருவதைப் பார்த்து வியக்கும் முகங்களைப் பார்த்த பிறகு சொல்கிறேன், அந்த வேலையைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்கக் கூடாது.

கணக்கு இப்படி: தலைக்கு ஏ4 மூன்று (காற்றாடிக்கும் மீனுக்கும் ஒன்று, பாலத்துக்கு ஒன்று, தப்பிப் போனால் ஒன்று), ஆக 72. நூறாக வைத்துக்கொள்ளுங்கள். மீதம் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளையும் பயப்படாது, உதவியாளரும் அதட்டமாட்டார். 16 பக்கச் செய்தித்தாளைப் பிரித்து நடுவில் வெட்டினால் எட்டுத் தாள். ஆளுக்கு நாலு வீதம் 96 தாளுக்குப் பன்னிரண்டு நாள் பேப்பர் போதும்.

எல்லாத் தாளுக்கும் நார் ஓடும் திசை ஒன்று உண்டு. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், கோடு போட்டதுபோல் வரும். குறுக்கே கிழித்தால் கோணல் மாணலாகப் போகும். இதைப் பிள்ளைகளே கிழித்துக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் கொடுங்கள். மடிப்பும் நார் ஓடும் திசையில் சுத்தமாக விழும். பனை ஓலையைக் கிழித்துப் பழகிய கைகளுக்கு இது உடனே பிடிபட்டுவிடும்.

வாங்கிய தாளை மூடியுள்ள வாளியிலோ தகர டப்பாவிலோ வையுங்கள். கடலோரத்தில் ஓர் இரவு வெளியே கிடந்தாலே தாள் தொய்ந்துவிடும்.

பசை, கத்தரி, மற்றவை

பசையை வீட்டிலேயே காய்ச்சுங்கள். ஒரு கப் மைதாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் மூன்று கப் தண்ணீரில் ஊற்றிச் சிறு தீயில் நாலைந்து நிமிடம் கிண்ட வேண்டும். பளபளவென்று கண்ணாடிபோல் வந்ததும் இறக்குங்கள். இங்குள்ள வெயிலுக்கு மறுநாளே புளித்துவிடும், அதனால் அன்று காலையில் காய்ச்சுவதே நல்லது. சுவரொட்டி ஒட்டுபவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். பிள்ளைகள் தொடும் பசையில் அது ஒரு துளியும் கூடாது, அது விஷம்.

நல்ல தண்ணீர் குடம் கணக்கில் வாங்கும் ஊர்கள் நம்முடையவை. பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை கழுவ ஓடினால் ஊராருக்கு மனம் வருந்தும். குழுவுக்கு ஒரு ஈரத் துணி கொடுங்கள், முடிந்ததும் ஒரேயடியாகக் கழுவிக்கொள்ளலாம்.

முனை மழுங்கிய கத்தரிக்கோல் பன்னிரண்டு, இரண்டு பேருக்கு ஒன்று. காத்திருக்கும் பிள்ளை மடிப்பைத் தேய்க்கட்டும். இடதுகைப் பிள்ளை இருந்தால் இடதுகைக் கத்தரி வாங்கி வையுங்கள். கிடைக்காவிட்டால் மடிப்பை இருபுறமும் நகத்தால் தேய்த்து, ஸ்கேலை அழுத்திக் கிழிக்கக் கற்றுக்கொடுங்கள். அந்தப் பிள்ளையின் கையை வலதுக்கு மாற்றச் சொல்லாதீர்கள்.

ஜிகினாத் தூள், தெர்மாகோல், பிளாஸ்டிக் ரிப்பன் எதுவும் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது என்பது ஒரு பக்கம். இந்தக் கூடத்தில் சிந்துவது அரை மணி நேரத்தில் கடலில் இருக்கும் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பளபளப்பு வேண்டுமென்றால் கல்யாணப் பத்திரிகையில் இருக்கும் தங்க எழுத்தும் பூவும் போதாதா?

தின்பண்டத்தில் வடை, பஜ்ஜி வேண்டாம். எண்ணெய் பட்ட தாளில் பசை பிடிக்காது. வாழைப்பழமும் கடலை உருண்டையும் போதும்.

முதல் வேலை: வத்தை

எல்லாருக்கும் ஓரளவு தெரிந்ததில் தொடங்கினால் கூச்சம் போகும். காகிதக் கப்பல் அப்படிப்பட்டது. நான் "கப்பல்" என்று சொன்னபோது ஒரு பையன் எழுந்து, "இது கப்பல் இல்லக்கா, வத்தை" என்று திருத்தினான். வத்தை என்றால் இந்தக் கரையில் மீன்பிடிக்கப் போகும் படகு. அதன்பிறகு நானும் வத்தை என்றே சொல்கிறேன். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம் என்று அவர்கள் பேச்சிலேயே சொல்லிக்கொடுத்தால் எந்த மூலையை எங்கே கொண்டுபோவது என்று சுலபமாகப் புரிகிறது.

செய்தித்தாளைக் கையில் கொடுக்கும்போது ஒரு நிமிடக் கதை சொல்வேன். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போயிற்று. செய்தித்தாள் கட்டுகளை ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே ஓடும் ரயிலிலிருந்து வீசுவார்கள். பேப்பர் போடும் தன் உறவினருக்கு உதவியாக அந்தக் கட்டுகளைப் பிடித்த சிறுவன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். கதை முடிந்ததும் தாளை வாங்கும் கைகளில் ஒரு மரியாதை தெரியும்.

தாளைக் குறுகிய ஓரங்கள் சேர இரண்டாக மடித்து, மடிப்பு மேலே இருக்கும்படி வையுங்கள். மேல் மூலை இரண்டையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். கீழே மிஞ்சும் பட்டையை முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக மேலே ஏற்றுங்கள். தொப்பி வந்துவிட்டது. இங்கே நிறுத்துங்கள். எல்லாரும் தொப்பியை மாட்டிக்கொண்டு சிரித்து முடிக்க இரண்டு நிமிடம் ஆகும், அந்த இரண்டு நிமிடத்தைக் கட்டாயம் கொடுங்கள்.

அடுத்தது கடினமான இடம். தொப்பியின் வாயைத் திறந்து, இரண்டு கோடியையும் ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். அப்போது சாய்ந்த சதுரம் வரும். பத்துப் பிள்ளைகளுக்கு நாலு பேர் இங்கே திணறுவார்கள், பெரியவர் கை துறுதுறுப்பதும் இங்கேதான். "மீன் வாயைத் திறக்குற மாதிரி திற, நல்லா அகலமா" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். சதுரம் வந்ததும் அதன் கீழ் நுனியை முன்னும் பின்னும் மேலே ஏற்றினால் முக்கோணம். மறுபடி வாயைத் திறந்து சேர்த்தால் சின்னச் சதுரம். இப்போது மேலே இருக்கும் இரண்டு நுனிகளையும் பிடித்து மெல்ல விலக்கினால் வத்தை விரியும்.

பிறகு அகலமான பேசினில் தண்ணீர் ஊற்றி மிதக்க விடுங்கள். புளியங்கொட்டையைச் சரக்காக ஏற்றி, எத்தனை தாங்குகிறது என்று எண்ணட்டும். சில வத்தைகளின் அடியில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு, தேய்க்காததோடு சேர்த்து விடுங்கள். எது முதலில் நனைந்து அமிழ்கிறது? ஏன்? பதிலை நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது. படகின் அடிப்பாகத்துக்கு அப்பா என்னென்ன பூசுவார் என்று யாராவது ஒரு பிள்ளை எழுந்து விளக்கும்.

இரண்டாவது: சுழல் மீன்

இதற்குக் கால் மணி நேரம் போதும். 21 சென்டிமீட்டர் துண்டை எடுத்து, ஒரு கோடியிலிருந்து இரண்டு விரல் தள்ளி, மேல் ஓரத்திலிருந்து அகலத்தில் பாதி வரை ஒரு வெட்டு. மறு கோடியில் அதே தூரத்தில் கீழ் ஓரத்திலிருந்து ஒரு வெட்டு. துண்டை வளைத்து இரண்டு வெட்டையும் ஒன்றுக்குள் ஒன்று கோர்த்தால் வாலோடு மீன். இரண்டு வெட்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் நேராகக் கோர்க்க வராது. அப்படி வெட்டிய பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும், அதற்குத்தான் நாலு துண்டு இருக்கிறதே.

திண்ணை மேல் ஏறி நின்று போட்டால் சுற்றிச் சுற்றி இறங்கும். கூடமே ஆரவாரமாகிவிடும். நீளமான துண்டு மெதுவாகச் சுற்றுகிறதா, குட்டை வேகமாகச் சுற்றுகிறதா என்று அளந்து பார்க்கும் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள்.

கண்ணும் செதிலும் வரையும்போது "என்ன மீன்?" என்று கேளுங்கள். கடற்கரைப் பிள்ளைகளுக்கு வெறும் மீன் என்று ஒன்று கிடையாது. காரலா, சூடையா, கிளாத்தியா, முரலா என்று சொல்லியாக வேண்டும். முரல் என்றால் மூக்கு நீளமாக ஒட்ட வேண்டும் என்று ஒருத்தி பிடிவாதம் பிடித்து, ஒட்டியும் விட்டாள். அந்த மீன் சுற்றாமல் தலைகுப்புற விழுந்தது. மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிச் சரிபார்த்தாள். அரை மணி நேரம் அதிலேயே போயிற்று, காற்றாடி செய்ய அவளுக்கு நேரமில்லை. சரி, போகட்டும். அன்று அதிகம் கற்றுக்கொண்டது அவள்தான்.

மூன்றாவது: பாலம்

இது குழுவாகச் செய்வது. ஒரு ஏ4 தாளை இரண்டு புத்தக அடுக்குக்கு நடுவே, ஒரு சாண் இடைவெளியில், தட்டையாகப் போட்டு மேலே ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் தொய்ந்து விழும். அதே தாளை நீளவாக்கில் விரல் அகலத்துக்கு விசிறிபோல் முன்னும் பின்னுமாக மடித்துப் போடுங்கள். எத்தனை நாணயம் தாங்கும் என்று ஒவ்வொரு குழுவும் முதலில் ஊகித்துச் சொல்லிவிட்டுப் பிறகு அடுக்கட்டும். மடிப்புத்தான் பலம் என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் காட்டாது.

பாம்பனைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்குப் பாலம் என்றாலே திறந்து மூட வேண்டும். 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் கும்பிட்ட கை விரிவதுபோல் நடுவில் இரண்டாகப் பிரியக்கூடியதாக இருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே படுக்கைவாட்டில் மேலே ஏறும். இரண்டில் எதைச் செய்வது என்று குழுக்கள் முடிவு செய்யட்டும். தூணுக்குச் செய்தித்தாளை ஒரு மூலையிலிருந்து இறுக்கமாகச் சுருட்டிக் கடைசி நுனியைப் பசையால் ஒட்டினால் கெட்டியான குழாய் வரும். தூக்கும் பகுதிக்கு விசிறி மடிப்புத் தாளும் தைக்கும் நூலும் போதும். ஒரு குழு நூலை இழுக்கும்போது பாலம் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும் என்று புரிந்துகொண்டு, இரண்டு பேர் "ஏலேலோ" சொல்லிச் சேர்ந்து இழுத்தார்கள்.

சீக்கிரம் முடித்தவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகைகளைக் கொடுத்துச் சுவரில் ஒரு ஆவுளியா ஒட்டச் சொல்லலாம். கடல்புல் மேயும் அந்தக் கடல்பசுவைப் பற்றித் தாத்தாக்களிடம் கேட்ட கதைகள் ஒட்டும்போதே வெளியே வரும்.

கடைசி: காற்றாடி

பத்தேமுக்காலுக்கு இதைத் தொடங்குங்கள். இதுவரை தாளைப் பறக்கடித்த காற்று இப்போது நமக்கு வேலை செய்யப் போகிறது.

சதுரத்தில் குறுக்கு மடிப்பு ஏற்கனவே ஒன்று இருக்கும், மற்றொன்றையும் மடித்து விரியுங்கள். நாலு மூலையிலிருந்தும் மடிப்புக் கோட்டின் மேல், நடுப்புள்ளிக்கு இரண்டு விரல் அகலம் விட்டு வெட்டுங்கள். எட்டு முனை கிடைக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக நாலு முனைகளை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், மடிக்காமல் வளைத்து. இங்கே நகத்தால் தேய்த்துவிட்டால் இறக்கை தட்டையாகிக் காற்றைப் பிடிக்காது. இவ்வளவு நேரம் தேய்க்கச் சொல்லிவிட்டு இப்போது தேய்க்காதே என்கிறோம், ஆகையால் இரண்டு தடவை சொல்லுங்கள்.

குண்டூசி குத்துவது மட்டும் உதவியாளர் வேலை. என் விதிக்கு நான் வைத்திருக்கும் ஒரே விலக்கு இதுதான். தாளுக்கும் குச்சிக்கும் நடுவே ஒரு பாசிமணி கோர்த்தால் உரசாமல் சுற்றும். குச்சி, பாலத்துக்குச் சுருட்டியது போன்ற காகிதக் குழாய்தான். ஊசி முனையைப் பின்பக்கம் வளைத்து, அதன்மேல் பசை தடவிய காகிதத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.

ஊரில் வயதானவர் யாராவது இருந்தால் அழைத்துவந்து பனை ஓலைக் காத்தாடி ஒன்று செய்துகாட்டச் சொல்லுங்கள். இரண்டு ஓலைத் துண்டும் ஒரு கருவேல முள்ளும் போதும் அவருக்கு. ஒரு முறை வந்த பெரியவர், தான் செய்ததைப் பேரன் கையில் கொடுக்கப் போய், பிறகு ஏதோ நினைத்து அதைப் பிரித்து, ஓலையை மட்டும் அவன் கையில் கொடுத்தார்.

பதினொன்று ஆனதும் எல்லாரையும் வெளியே கூட்டிப் போங்கள். கரைக்கு வேண்டாம், கூடத்தின் முன்னால் உள்ள மணலே போதும். சுற்றாத காற்றாடிக்காரரை முகத்தைத் திருப்பி நிற்கச் சொல்லுங்கள். காற்றைத் தேடித் திரும்பத் திரும்ப எந்தப் பக்கம் வருகிறது என்று அவரே கண்டுகொள்வார்.

நடுவில் வரும் சங்கடங்கள்

பரிசு வைக்காதீர்கள். முதல் பரிசு என்று ஒன்றை அறிவித்த கணமே மற்ற 23 பேரின் வத்தையும் வீணாகிவிடும். "அழகா இருக்கு" என்று எல்லாரிடமும் சொல்லிப் போவதைவிட, "இந்த இடத்தை எப்படி மடிச்ச?" என்று ஒருவரிடம் கேட்டு நின்று கேளுங்கள்.

ஒரு பிள்ளை அழலாம். தாள் கிழிந்திருக்கும், இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளையுடையது நன்றாக வந்திருக்கும். புதுத் தாளை உடனே நீட்டாமல் கொஞ்சம் பக்கத்தில் உட்காருங்கள். கிழிந்ததைப் பசை போட்டு ஒட்டிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். வலை கிழிந்தால் யாரும் தூக்கிப் போடுவதில்லை என்று அந்தப் பிள்ளைக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

முடிக்காத பிள்ளையை முடிக்க வைக்காதீர்கள். பாதி மடித்த தாளை அப்படியே எடுத்துப் போகட்டும், கூடவே ஒரு வெற்றுத் தாளும் கொடுங்கள்.

கூடத்தைப் பூட்டும் முன்

தாள் துண்டுகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து உடனே பொறுக்குங்கள். பிறகு பார்க்கலாம் என்றால் காற்று கரைக்குக் கொண்டுபோய்விடும். மெழுகு தேய்த்த வத்தையையும் ஊசி வைத்த காற்றாடியையும் கடலில் விட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் செய்தவர் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் அவரவர் கையெழுத்தில்.

கத்தரிக்கோல் பன்னிரண்டும் திரும்பிவிட்டதா என்று எண்ணுங்கள். குண்டூசிக்கு ஒரு தாளில் கணக்கு வையுங்கள்: கொண்டுவந்தது எத்தனை, காற்றாடியில் போனது எத்தனை, டப்பாவில் இருப்பது எத்தனை. அந்தக் கூடத்தில் சாயங்காலம் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள், ராத்திரி யாராவது பாய் விரித்துப் படுப்பார்கள். ஒன்று குறைந்தாலும் எல்லாப் பாயையும் வெளிச்சத்தில் உதறிப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.